தெருப்பெயர்களில் பெண்கள்: விருத்தாசலத்தினின்று ஒரு வரலாற்று நோக்கு

விருத்தாசலம் இன்று இருப்புப்பாதைச் சந்திப்பினாலும் பீங்கான் தொழிலினாலும் அறியப்படும் ஊர். அங்குள்ள செராமிக் தொழிற்கூடங்களில் உருவாகும் பொம்மைகளும் அகல்விளக்குகளும் பியூஸ் கேரியர்களும் வெளியூர்களுக்குச் செல்கின்றன. அத்தொழிலில் ஆண்களோடு பெண்களின் உழைப்பும் கலந்துள்ளது. இவ்வூரின் முதன்மையான தெருக்களின் பெயர்களைப் படித்துச் செல்வோமாயின், சில திசையையும் இடத்தையும் குறிக்கக் காண்போம்: சன்னதி வீதி, கோபுர வீதி, கோட்டை வீதி, ஜங்ஷன் சாலை. சில, சென்று சேரும் ஊரைக் குறிப்பன: கடலூர் சாலை போன்றவை. சில, பொதுவாழ்வின் தலைவர்களைக் குறிப்பன: பெரியார் நகர் இதற்குச் சான்று. ஆனால் சன்னதி வீதியும் கோபுர வீதியும் நோக்கி நிற்கும் பழமலைநாதர் கோயில் கற்றளியாக எழுந்தது ஒரு பெண்ணின் பணியினால் ஆகும். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், உத்தம சோழனின் ஆட்சிக்காலத்தில், அவன் தாயாகிய செம்பியன் மாதேவியார் அதனைக் கல்லால் எடுப்பித்தார்.

தெருப்பெயர்களில் பெண்கள் எவ்வளவு இடம்பெற்றுள்ளனர் என்னும் வினா இன்று பல நாடுகளிலும் எழுப்பப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பாவின் 30 நகரங்களில் தனிமனிதரின் பெயர் தாங்கிய தெருக்களுள் 91 விழுக்காடு ஆண்களுக்குரியவை எனக் கண்டது. எஞ்சியவற்றுள்ளும் மிகுதியாக நினைவுகூரப்படும் பெண் ஆண்டவரின் தாயாகிய மரியாளே. இக்கணக்கு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. எத்தனை பெண்கள் என்பது முதல் வினாவே அன்றி முழு வினா அன்று. எந்தப் பெயரால் அவர்கள் குறிக்கப்படுகின்றனர் என்பதும் ஆராயத்தக்கது. தம் இயற்பெயராலா, தாம் வகித்த பட்டத்தாலா, தந்தை, கணவன், மகன் என்னும் உறவினாலா? இவ்வினாவைத் தமிழக வரலாற்றிலும் திருமறையிலும் நம் சபைகளின் ஏடுகளிலும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டமே பெயராதல்

செம்பியன் மாதேவியார் தமிழக வரலாற்றில் பெரும் கொடையாளர். திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரம் முதலாகப் பல தலங்களின் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியவர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் இன்றும் செம்பியன்மாதேவி என்றே ஓர் ஊர் உள்ளது. எனினும் அப்பெயரைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். செம்பியன் என்பது சோழனைக் குறிக்கும். மாதேவி என்பது பெருந்தேவி என்னும் பொருளது. சோழனின் பட்டத்தரசி என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறுவதில்லை. கல்வெட்டுகள் அவரை மழவரையரின் மகளாகவும், கண்டராதித்தரின் தேவியாகவும், உத்தம சோழரின் தாயாகவும் அறிமுகம் செய்கின்றன. மகள், மனைவி, தாய் என்னும் மூன்று உறவுகள் தெளிவாக உள்ளன. சிறுமியாக இருந்தபோது வீட்டில் அவரை அழைத்த பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

முதலாம் இராசராசனின் தஞ்சையிலும் இந்நிலையே. அந்நகரின் பேரங்காடிகளும் பெருந்தெருக்களும் திரிபுவனமாதேவி, வானவன்மாதேவி என்னும் பெயர்களைத் தாங்கின. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் நகரில் அரசியர் பெயரால் தெருவும் கடைவீதியும் இருந்தன என்று நாம் மகிழலாம். ஆயினும் அவையும் பட்டங்களே. பிற்காலத்தில் டேனியர் தரங்கம்பாடியில் அமைத்த கோட்டை நகரிலும் ராஜா வீதி ஒன்றும் ராணி வீதி ஒன்றும் அமைந்தன. சீகன்பால்கு ஐயர் 1718இல் திருநிலைப்படுத்திய புதிய எருசலேம் ஆலயம் அந்த ராஜா வீதியிலேயே நிற்கிறது. ராணி வீதி எந்த ராணியினுடையது என்பதைப் பலகை கூறுவதில்லை. பட்டம் நிலைக்கிறது, அதனைச் சூடியவள் மாறிக்கொண்டே இருக்கலாம்.

விருத்தாசலத்திற்கே உரிய சைவ மரபுக் கதை ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. குரு நமசிவாயர் என்னும் துறவி பசியோடு இத்தலத்திற்கு வந்து, அன்னையை முதியவளாகப் பாடி உணவு வேண்டினாராம். முதியவளாக வந்த அன்னை, கிழவி எவ்வாறு சோறு கொண்டு வருவாள், இளையவளாகப் பாடு என்றாளாம். அவர் அவ்வாறே பாட, இளநங்கையாக வந்து உணவளித்தாள் என்பர். விருத்தாம்பிகை, பாலாம்பிகை என்னும் இரு பெயர்களுக்கும் இக்கதை விளக்கமாகிறது. கதையின் சமயப் பொருள் எவ்வாறாயினும், பெயரிடப்படுகிறவள் தன்னை அழைக்கும் முறையைக் குறித்துத் தானே வாய்திறந்து பேசும் காட்சி நம் வரலாற்றில் அரிது.

வீட்டு வரிசையும் இயற்பெயரும்

பட்டத்திற்கு நேர் எதிரான ஒரு பதிவையும் அதே தஞ்சையில் காண்கிறோம். இராசராசன் தன் பெரிய கோயிலின் பணிக்கெனச் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்று 400 ஆடற்பெண்டிரைக் கொணர்ந்து, கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரித் தெருக்களில் குடியேற்றினான். 1014ஆம் ஆண்டையொட்டிய கல்வெட்டு அவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கூறுகிறது. தெற்குத் தளிச்சேரியா, வடக்குத் தளிச்சேரியா, தென்சிறகா, வடசிறகா, அச்சிறகில் எத்தனையாவது வீடு, அவ்வீட்டில் இருப்பவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் யாது என ஒவ்வொன்றும் எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல்.

அங்காடிக்குப் பெயர் கொடுத்த அரசியின் இயற்பெயர் மறைந்து நிற்க, கோயிற்பணிக்குக் கொண்டுவரப்பட்ட பெண்களின் இயற்பெயர்கள் கல்லில் நிற்பது எதனால்? இது பாராட்டினால் நேர்ந்ததன்று, கணக்கினால் நேர்ந்தது. பங்கு கொடுக்க வேண்டுமாயின் பெயர் எழுதியாக வேண்டும். ஒருத்தி இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அப்பங்கு யாருக்குச் சேரும் என்பதையும் அக்கல்வெட்டே வரையறுக்கிறது. அம்முறையை நாம் புகழ வரவில்லை. அரசாணையால் ஊர்விட்டு ஊர் பெயர்க்கப்பட்ட அப்பெண்களின் விருப்பத்தைக் கல்வெட்டு கேட்கவில்லை. பிற்காலத்தில் அம்முறை பெண்களை எவ்வளவு இழிவுக்கு உள்ளாக்கியது என்பதையும் அறிவோம். எனினும் ஓர் உண்மை இங்கே புலனாகிறது. எங்கே பங்கு எழுதப்படுகிறதோ அங்கே பெயரும் எழுதப்படுகிறது. பெயர் எழுதப்படாத இடத்தில் பங்கு கேட்பதும் அரிது.

மக்கள் இட்ட பெயர்கள்

அரசாணைக்கு அப்பால் மக்கள் தாமே இட்டு வழங்கிய பெயர்களும் உண்டு. மதுரை நாட்டை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் தன் பேரனுக்காக ஆண்ட மங்கம்மாள், வழிநடைச் சாலைகளாலும் சத்திரங்களாலும் நினைவுகூரப்படுகிறாள். தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் மக்கள் நாவில் நின்று நிலைத்தது. இங்கே பட்டமும் இல்லை, கணவன் பெயரும் இல்லை. நிழல் தந்தவளின் பெயரே சாலையின் பெயராயிற்று.

விருத்தாசலம் அடங்கிய கடலூர் மாவட்டத்திலேயே இதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள், 1927இல் சென்னையில் நடந்த நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் தம் இளம் மகளோடு சிறை சென்றவர். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். குடிநீரின்றி வாடிய தீர்த்தாம்பாளையத்திற்கு வீராணத்தின் நீர் கிடைக்க அவர் முயன்றதால், அக்கிளை வாய்க்கால் அஞ்சலை வாய்க்கால் என வழங்கலாயிற்று. தண்ணீர் குடித்தவர்கள் பெயரை மறக்கவில்லை.

ஆயினும் மக்கள் நாவும் எப்போதும் நீதி செய்வதில்லை. நம் திருச்சபை வரலாறே இதற்குச் சான்று பகரும். தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண் ஒருவர், பாளையங்கோட்டையில் 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். அங்குள்ள சபையைக் கூட்டிக் காத்தவரும், 1785இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஆலயத்தை எழுப்பியவரும் அவரே. திருநெல்வேலித் திருச்சபையின் தாய் என அவரைக் கூறுதல் மிகையாகாது. அவ்வாலயத்திற்கு ஊரார் இட்ட பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். அன்பினால் இட்ட பெயரே. ஆயினும் அதில் உள்ளது அவர் விட்டுவந்த சாதி. சபை ஏட்டில் உள்ளதோ அயல்மொழிப் பெயர். பெற்றோர் இட்ட பெயர் இரண்டிலும் இல்லை. ஆலயத்தைத் தந்த பெண்ணுக்கு ஊர் தன் சாதியறிவையும் சபை தன் ஞானப்பெயரையும் அளித்தன.

மாநகரின் பலகைகள்

சென்னையின் தெருப்பலகைகளில் இவ்வகைகள் அனைத்தையும் ஒருங்கே காணலாம். மகாலிங்கபுரத்தில் லேடி மாதவன் சாலை உள்ளது. லேடி என்னும் அடைமொழி கணவர் பெற்ற சர் பட்டத்தினால் வந்தது; மாதவன் என்பது கணவரின் பெயர். ஒரு பெண்ணை நினைவுகூரும் அப்பலகையில் அப்பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. லாயிட்ஸ் சாலைக்குப் பின்னர் இடப்பட்ட அவ்வை சண்முகம் சாலை என்னும் பெயர் மற்றொரு வகை. அவ்வையார் வேடத்தில் நடித்துப் புகழ்பெற்ற நாடகக் கலைஞர் தி. க. சண்முகத்தின் நினைவாக அது அமைந்தது. அக்கலைஞரின் சிறப்பில் நமக்கு ஐயமில்லை. எனினும் தமிழகத்தின் மூத்த பெண்பாற் புலவரின் பெயர் அப்பலகையில் ஓர் ஆடவரின் அடைமொழியாகி நிற்பதையும் கவனியாதிருக்க இயலாது.

மாற்றத்தைக் காட்டும் பலகைகளும் உண்டு. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று பின்னர் சென்னை மாகாண அமைச்சரான ருக்மணி லட்சுமிபதியின் பெயர் எழும்பூரின் மார்ஷல்ஸ் சாலைக்கு இடப்பட்டது. ஆந்திர மகிளா சபையை நிறுவிய துர்காபாய் தேஷ்முக்கின் பெயரிலும் ஒரு சாலை உண்டு. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி சாலை உள்ளது. 1930இல் அவ்வை இல்லத்தையும், 1954இல் புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்த முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் முதற்குரல் எழுப்பியவர். அதனைத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. தஞ்சைத் தளிச்சேரியில் தொடங்கி நாம் கண்ட வரலாற்றின் மறுமுனை இவரே. கணவர் வழி வந்த சாதிப்பெயர் அப்பலகையில் இல்லை. எஞ்சியிருப்பது அவர் கற்றுப் பெற்ற பட்டமும் அவருடைய சொந்தப் பெயருமே.

தெருப்பெயர்களினின்று சாதிப்பெயரை நீக்கும் முயற்சி 1970களின் இறுதியிலேயே தமிழகத்தில் தொடங்கியது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மீண்டும், தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகள் முதலியவற்றின் சாதிப்பெயர்களை நீக்கிப் புதுப்பெயர் இடுவதற்கான ஆணை பிறப்பித்தது. ஒரு பெயரை நீக்குமிடத்தில் வேறொரு பெயர் வேண்டப்படும். அப்போது யாருடைய பெயர் முன்மொழியப்படும் என்பதே நம் வினா. உள்ளாட்சி மன்றங்களில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தியது. 2022இல் நடந்த நகர்ப்புறத் தேர்தல் அந்த ஒதுக்கீட்டின்படியே நிகழ்ந்தது. தெருவுக்குப் பெயர் சூட்டத் தீர்மானம் இயற்றும் மன்றங்களில் இன்று பாதி இருக்கைகள் பெண்களுக்குரியவை என்பது நம் வரலாற்றில் புதுமை.

திருமறையின் சான்று

திருமறையிலும் பட்டமும் உறவும் மட்டுமே எஞ்சிய பெண்கள் பலர் உளர். யெப்தாவின் மகள், நாகமானின் மனைவிக்குப் பணிசெய்த சிறுபெண், சாறிபாத்தின் விதவை ஆகியோரின் பெயரை நாம் அறியோம். மாற்கு 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவரின் தலையில் தைலம் ஊற்றியவளின் செயல், நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெங்கும் அவள் நினைவாகச் சொல்லப்படும் என அவரே உறுதி கூறினார். ஆயினும் மாற்கு அவள் பெயரை எழுதவில்லை. ரோமர் 16இல் பவுல் பெபேயாள், பிரிஸ்கில்லாள் முதலிய பெண்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ரூபின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார். அத்தாயின் பெயரோ அங்கும் இல்லை.

எனினும் திருமறை இதற்கு மாறான பதிவுகளையும் காத்து வைத்திருக்கிறது. 1 நாளாகமம் 7:24, எப்பிராயீம் குலத்துச் சேராள் மேற்பெத்தொரோனையும் கீழ்ப்பெத்தொரோனையும் ஊசேன்சேராவையும் கட்டினாள் என்கிறது. ஒரு பெண் ஊர் கட்டினாள். அவ்வூருள் ஒன்று அவள் சொந்தப் பெயரைத் தாங்கிற்று. வம்ச அட்டவணைதானே என நாம் விரைந்து கடந்துவிடும் பகுதியில் இச்செய்தி அடங்கிக் கிடக்கிறது.

இதனினும் ஆழமானது செலொப்பியாத்தின் குமாரத்திகளின் வழக்கு. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐவரும் மோசேயின் முன் நின்று, தந்தைக்கு மகன் இல்லாததால் அவர் பெயர் அற்றுப்போகலாமா என்று கேட்டு நிலத்தில் பங்கு கோரினர். தந்தையின் பெயருக்காக வழக்காடியவர்களின் சொந்தப் பெயர்களையே திருமறை நான்கு இடங்களில் முழுமையாகப் பட்டியலிடுகிறது. இதற்கு மண்ணும் சான்று தந்தது. 1910இல் சமாரியாவில் அகழ்ந்தெடுத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மட்பாண்டச் சில்லுகளில், திராட்சரசமும் எண்ணெயும் வந்த கணக்கு மையால் எழுதப்பட்டிருந்தது. அவை வந்த வட்டாரங்களின் பெயர்களுள் நோவாளின் பெயரும் ஒக்லாளின் பெயரும் காணப்படுகின்றன. குலப்பெயர் இடப்பெயரான வரலாறு எவ்வாறாயினும், பெண்களுக்குரியனவாகத் திருமறை கூறும் பெயர்கள் நிலத்தின் பெயர்களாக வழங்கிவந்தன என்பதற்கு அச்சில்லுகள் சான்று. தஞ்சைக் கல்வெட்டில் நாம் கண்ட உண்மையே இங்கும் விளங்குகிறது: பெயரும் பங்கும் ஒரே ஏட்டில் எழுதப்படுகின்றன.

ஓர் ஐயமும் விடையும்

கிறிஸ்தவ ஊழியர் தம் பெயர் விளங்கப் பாடுபடலாமா என்று சிலர் கேட்கலாம். டேனிய மிஷனரியாகிய ஆன் மேரி பீட்டர்சன், கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கென நிறுவிய பள்ளிக்குத் தம் பெயரை வைக்கவில்லை. சேவாமந்திர் என்றே பெயரிட்டார். அதற்கு 1921இல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். இத்தாழ்மை போற்றத்தக்கது. ஆனால் தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்வது வேறு. பிறர் பெயரை நாம் மறைப்பது வேறு. முன்னது ஊழியரின் தாழ்மை. பின்னது சபையின் மறதி. ஆண்களுக்குக் கல்வெட்டும் பெண்களுக்குத் தாழ்மையும் எனப் பங்கிடுவதற்கு நற்செய்தியில் இடமில்லை.

இது வெறும் பெருமை பற்றிய பேச்சு என்றும் கருதலாகாது. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5000 ரூபாய், இவற்றுள் குறைந்தது எதுவோ அதுவே உரியது என வரையறுத்திருந்தது. மேரி ராய் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1986இல் மகளுக்கும் சமபங்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. செலொப்பியாத்தின் குமாரத்திகளைக் குறித்துப் பிரசங்கித்துவந்த சபைகளின் நடுவே, அவ்வழக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்ல ஒரு பெண் தனியே நிற்க வேண்டியதாயிற்று. தெருப்பலகையில் பெயர் இல்லாமையும் பட்டாவில் பெயர் இல்லாமையும் ஒரே வழக்கத்தின் இரு விளைவுகளே.

நம் சபைகளின் ஏடுகள்

நகராட்சியின் பலகைகள் நம் கையில் இல்லை. சபையின் ஏடுகள் நம் கையில் உள்ளன. கல்லறைத் தோட்டங்களில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று மட்டும் பொறித்த கற்களைக் காண்கிறோம். ஆலயச் சுவர்களில் ஆயர்களின் வரிசைப் பட்டியல் உண்டு; வீடுவீடாகச் சென்று எழுத்தும் திருமறையும் கற்பித்த வேதாகம ஸ்திரீகளுக்கு அத்தகைய பட்டியல் அரிது. ஆயரின் துணைவியார் முப்பது ஆண்டுகள் பல சபைகளில் பெண்களைத் திரட்டி, நோயாளிகளைக் கண்டு, ஓய்வுநாள் பள்ளி நடத்தி உழைத்த பின்னும், பலருக்கு அவர் ஐயரம்மாவே. அவர் இயற்பெயர் என்ன என்று கேட்டால், அவரிடம் ஞானஸ்நான வகுப்புப் படித்தவர்களே தயங்குவர். செம்பியன் மாதேவியாருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்கிறது. ஐயரம்மா என்பதும் ஒரு பட்டமே.

ஆனால் சபையின் பழைய ஞானஸ்நான ஏட்டையும் திருமண ஏட்டையும் திறந்தால் அவ்வியற்பெயர்கள் அங்கே உள்ளன. தஞ்சைக் கல்லைப் போலவே, பாராட்டும் எண்ணமின்றிக் கடமைக்காக எழுதிய ஏடு உண்மையைக் காத்து வைத்திருக்கிறது. சபை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் மிஷனரி அறிக்கைகளையும் ஆலோசனைக் குழுக் குறிப்புகளையுமே நாடுகின்றனர். அவ்வேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, ஊழியம் செய்த பெண்களின் பெயர்களைத் தொகுப்பதை இறையியல் மாணவர் தம் விடுமுறைக்காலப் பணியாக மேற்கொள்ளலாம். தாள்கள் செல்லரிக்குமுன் இதைச் செய்தாக வேண்டும். மூத்த பெண்கள் சிலர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லாதனவாக இருக்கலாம்.

சாதிப்பெயர் நீக்கப்படும் தெருக்கள் பலவற்றில் நம் சபையாரும் குடியிருக்கின்றனர். புதுப்பெயருக்கான கருத்துக் கேட்கப்படுமிடத்து, அத்தெருவில் பிள்ளைப்பேறு பார்த்தவள், பள்ளி தொடங்கியவள், துப்புரவுப் பணி செய்து தெருவைக் காத்தவள் ஆகியோரின் பெயர்களை அறிந்து முன்வைக்க ஆயர்கள் ஆயத்தமாக இருத்தல் நன்று. அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவ்வாறு முன்வைக்கும்போது இன்னாரின் மனைவி என எழுதாமல், அவர்களுடைய சொந்தப் பெயரைக் கேட்டறிந்து எழுதுவோமாக.